501-வது யூனிட்டின் விலை: வீட்டுக் கரண்ட் கணக்கைச் சாதனம் வாரியாகப் போட ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில், 2024 ஜூலையில் அமலான விலைப்படி, ஒரு வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் கரண்ட் பில் 1,805 ரூபாய். அதே வீட்டில் 501 யூனிட் ஓடினால் 2,048 ரூபாய் 40 காசு. கூடுதலாக ஓடிய அந்த ஒரே யூனிட்டுக்கு 243 ரூபாய் 40 காசு. ஒரு யூனிட் என்பது பழைய சீலிங் ஃபேன் ஒன்று 13 மணி நேரம் சுற்ற ஆகும் கரண்ட். அவ்வளவுதான்.

"இந்த ஏசி போட்டா மாசம் எவ்வளவு வரும்?" என்று கடையில் கேட்டால் கிடைக்கும் பதில் நம் வீட்டுக்குப் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான். கடைக்காரர் சொல்வது அந்த ஏசி எத்தனை யூனிட் இழுக்கும் என்பதை மட்டும். அந்த யூனிட்டுகள் நம் பில்லில் எந்த விலைப் படியில் போய் உட்காரும் என்பது அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள முடியும். ஒரு நோட்டும், ஒரு வாரப் பொறுமையும், கூட்டிக் கழிக்கச் செல்போனும் போதும்.

மதுரையில் எங்கள் வீட்டில் சென்ற கோடைக்குப் போட்ட கணக்கையே உதாரணமாக வைத்துச் சொல்கிறேன்.

படி 1: விலைப்பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

வீட்டு இணைப்புக்கு ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. முதல் 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. 2024 ஜூலையில் அமலான விலைப்படி, அரசு மானியம் போக நம் கையிலிருந்து ஒவ்வொரு யூனிட்டுக்கும் போவது இது.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால்:
1 முதல் 100 வரை: இலவசம்
101 முதல் 200 வரை: ரூ. 2.35
201 முதல் 400 வரை: ரூ. 4.70
401 முதல் 500 வரை: ரூ. 6.30

மொத்தம் 500-ஐத் தாண்டினால்:
1 முதல் 100 வரை: இலவசம்
101 முதல் 400 வரை: ரூ. 4.70
401 முதல் 500 வரை: ரூ. 6.30
501 முதல் 600 வரை: ரூ. 8.40
601 முதல் 800 வரை: ரூ. 9.45
801 முதல் 1,000 வரை: ரூ. 10.50
1,000-க்கு மேல்: ரூ. 11.55

இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான நூறு யூனிட்டின் பாதி விலைச் சலுகை போய்விடுகிறது. அதில் 235 ரூபாய். தாண்டிய யூனிட்டுக்கு 8.40. இரண்டும் சேர்ந்ததுதான் மேலே சொன்ன 243.40.

மனதில் வைத்துக்கொள்ளச் சில மைல்கற்கள்: 200 யூனிட்டுக்கு 235 ரூபாய், 400-க்கு 1,175, 500-க்கு 1,805, 600-க்கு 2,880, 800-க்கு 4,770. யூனிட் இரண்டு மடங்கானால் பில் இரண்டு மடங்காவதில்லை என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். 400 யூனிட் வீடு 800 யூனிட் வீடானால் பில் நான்கு மடங்காகிறது. விலை திருத்தப்படும்போது இந்த எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், மற்றபடி கீழே வரும் வழிமுறை அப்படியே பொருந்தும்.

படி 2: மீட்டரை நீங்களே படியுங்கள்

பில் வந்த பிறகு ஆராய்வது பரீட்சை முடிந்த பிறகு படிப்பது போல. ஈபியிலிருந்து ரீடிங் எடுத்த அன்றே நீங்களும் மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். அதன் பிறகு ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில், காலை காபி போடுவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளலாம், எண்ணைக் குறியுங்கள். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால் ஒரு நாள் செலவு.

டிஜிட்டல் மீட்டரின் திரை சில விநாடிக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். தேதி, வோல்ட், ஆம்பியர், வாட் என்று ஓடும். நமக்கு வேண்டியது பக்கத்தில் கேடபிள்யூஎச் (kWh) என்று காட்டும் எண். ஒரு கேடபிள்யூஎச்சைத்தான் நாம் ஒரு யூனிட் என்கிறோம்: ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓட ஆகும் கரண்ட். அடுக்குமாடியில் பத்து மீட்டர் வரிசையாக இருந்தால், பில்லில் உள்ள இணைப்பு எண்ணை வைத்து உங்களுடையதை உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து வீட்டு மீட்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுக் குழம்பியவர்கள் உண்டு. மீட்டர் பெட்டியைக் கண்ணால் பார்த்தால் போதும். மூடியைத் திறக்கவோ உள்ளே விரலை விடவோ வேண்டாம்.

அளவுகோலாக மூன்று எண்கள். 60 நாள் கணக்கில் 200 யூனிட் என்றால் ஒரு நாளைக்கு 3.3, 400 என்றால் 6.7, 500 என்றால் 8.3. உங்கள் வீட்டின் ஒரு நாள் செலவு இதில் எங்கே நிற்கிறது என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

படி 3: வாட்டைப் பார்த்துக் கணக்கு

சூத்திரம் ஒன்றே ஒன்று. வாட்டை மணி நேரத்தால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 75 வாட் ஃபேன் 12 மணி நேரம் ஓடினால் 900, ஆயிரத்தால் வகுத்தால் 0.9 யூனிட். 60 நாளுக்கு 54.

பள்ளிக்கூடக் கணக்குதான். ஆனால் இதை எல்லாச் சாதனத்துக்கும் அப்படியே போட்டால் விடை எங்கேயோ போய்விடும். சாதனத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் வாட் எண், அது அதிகபட்சம் எவ்வளவு இழுக்கும் என்பதைத்தான் சொல்கிறது. எப்போதும் அவ்வளவு இழுக்கும் என்று பொருளில்லை. அதனால் வீட்டுச் சாதனங்களை மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

லைட், ஃபேன், டிவி, ரூட்டர் ஆகியவை முதல் கூட்டம். ஓடும்போது ஏறக்குறைய ஒரே அளவு இழுப்பவை. இவற்றுக்குச் சூத்திரம் நேராகப் பொருந்தும். எல்இடி பல்பு 9 வாட், எல்இடி டியூப் லைட் 20 வாட், சாதாரண ஃபேன் 70 முதல் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் உள்ளது) 28 முதல் 35 வாட். பழைய 36 வாட் டியூப் லைட்டில் இரும்புச் சோக் இருந்தால் அந்தச் சோக் தனியாகப் பத்து வாட்டுக்கு மேல் தின்னும்.

இரண்டாவது கூட்டம், சூடோ குளிரோ ஓர் அளவை எட்டியதும் தானாக நின்று நின்று ஓடுபவை. ஃப்ரிட்ஜ், ஏசி, கீசர், அயர்ன் பாக்ஸ். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் ஒரு மணி நேரம் கையில் இருந்தால் ஒரு யூனிட் ஆகாது. அதிலுள்ள சின்ன லைட் எரிந்து எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள், எரியும்போது மட்டும்தான் கரண்ட் போகிறது. பாதி நேரம் என்று வைத்தால் அரை யூனிட். இந்தக் கூட்டத்தை அளந்துதான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, பெரிய வாட்டும் குறைந்த நேரமும். மிக்ஸி, கெட்டில், கிரைண்டர், மோட்டார். 750 வாட் மிக்ஸியைப் பார்த்துப் பயப்படுகிறோம். சட்னியும் மசாலாவுமாகச் சேர்த்து ஒரு நாளைக்கு ஏழெட்டு நிமிடம் ஓடினால் 0.1 யூனிட்கூட ஆவதில்லை. இட்லி மாவு அரைக்கும் இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் பெரும்பாலும் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினால் 0.1 யூனிட். வாரம் இரண்டு முறை அரைத்தாலும் இரண்டு மாதத்துக்கு இரண்டு யூனிட்டைத் தொடாது. "கிரைண்டர் போட்டா கரண்ட் ஏறும்" என்று சொல்லி வீட்டில் பெண்களைக் கடிந்துகொள்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். மேலே யாரும் பார்க்காமல் சுற்றும் ஃபேன் அதைவிடப் பல மடங்கு செலவு.

மோட்டாரில் மட்டும் ஒரு சூட்சுமம். அதில் எழுதியிருக்கும் எச்பி, மோட்டார் வெளியே கொடுக்கும் சக்தி. ஒரு எச்பி என்பது 746 வாட் என்றாலும், அதைக் கொடுக்க அது உள்ளே இழுப்பது ஆயிரம் வாட்டுக்கு மேல் இருக்கும். எங்கள் ஒரு எச்பி மோட்டார் இழுப்பது 1,100 வாட். டாங்க் நிரம்ப 25 நிமிடம், தினமும் 0.46 யூனிட்.

படி 4: சிமிட்டும் விளக்கை எண்ணுங்கள்

இந்த முறையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன். காசு செலவில்லாமல் எந்தச் சாதனத்தின் வாட்டையும் இப்படிக் கண்டுபிடிக்கலாம்.

டிஜிட்டல் மீட்டரின் முகப்பில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அதன் அருகில் ஒரு கேடபிள்யூஎச்சுக்கு இத்தனை இம்பல்ஸ் என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். 3200, 1600 ஆகியவை அடிக்கடி பார்க்கும் எண்கள். 3200 என்றால், விளக்கு 3,200 முறை சிமிட்டினால் ஒரு யூனிட்.

அறுபதாயிரத்தை அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். 3200 மீட்டருக்கு 18.75, 1600 மீட்டருக்கு 37.5. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணி இந்த எண்ணால் பெருக்கினால், அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும்.

செய்து பாருங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஹால் ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓட விடுங்கள். 3200 மீட்டரில் நிமிடத்துக்கு நான்கு சிமிட்டல் வந்தால் 75 வாட். இப்போது ரெகுலேட்டரை இரண்டில் வைத்து எண்ணுங்கள். எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் என்றால் எண்ணிக்கை நன்றாகக் குறையும். பழைய பெட்டி ரெகுலேட்டர் என்றால் வேகம் குறைந்த அளவுக்குக் கரண்ட் குறையாது, மிச்சம் அந்தப் பெட்டியில் சூடாகப் போகிறது. அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால் ரெகுலேட்டரை மாற்ற யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மோட்டார், ஏசி மாதிரி பெரிய சாதனம் ஓடும்போது விளக்கு நிமிடத்துக்கு அறுபது எழுபது முறை சிமிட்டும், கண்ணால் எண்ணுவது கஷ்டம். செல்போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து மெதுவாக ஓட விட்டு எண்ணுங்கள். மிகச் சின்னச் சாதனத்துக்கு ஐந்து நிமிடம் எண்ணி ஐந்தால் வகுங்கள்.

ஆன்லைனில் கிடைக்கும், ப்ளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்று வாங்கினால் இன்னும் எளிது. அது யூனிட்டைக் கூட்டி வைத்துக் காட்டும் என்பதால் ஃப்ரிட்ஜுக்கு அதுதான் சரி. கீசருக்கும் ஏசிக்கும் 16 ஆம்பியர் தாங்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண மாடலில் பெரிய சாதனத்தைச் செருகினால் உருகிவிடும்.

படி 5: ஃப்ரிட்ஜும் ஏசியும்

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் நட்சத்திரத்தைவிட முக்கியமானது, ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண். நட்சத்திர அளவுகோலை, அதை வகுக்கும் மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு அவ்வப்போது கடுமையாக்கும். அதனால் சில வருடத்துக்கு முந்தைய ஐந்து ஸ்டாரும் இன்றைய ஐந்து ஸ்டாரும் ஒன்றில்லை. யூனிட் எண்ணை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு எவ்வளவு என்று வரும். எங்கள் ஃப்ரிட்ஜின் லேபிளில் 200 என்று இருக்கிறது, கணக்குப்படி ஒரு பில்லுக்கு 33. வாட் மீட்டரில் சித்திரை வெயிலில் அளந்தபோது ஒரு நாளைக்கு 0.7, அறுபது நாளுக்கு 42. லேபிள் பொய் சொல்லவில்லை. அது சோதனைக் கூடத்து அளவு. நம் சமையலறைச் சூடும், பிள்ளைகள் கதவைத் திறந்து வைத்து நிற்பதும் அதில் சேராது.

ஏசியில் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். டன் என்பது கரண்டின் அளவில்லை, அறையிலிருந்து சூட்டை வெளியேற்றும் திறன். ஒன்றரை டன் என்றால் சுமார் 5,270 வாட் சூட்டை இழுத்து வெளியே தள்ளும். அதற்காக அது செலவழிக்கும் கரண்ட் அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே.

ஏசி லேபிளிலும் ஆண்டு யூனிட் இருக்கும், ஆனால் அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்ட கணக்கு. எனவே அந்த எண்ணை 1,600-ஆல் வகுங்கள். லேபிளில் 800 என்றால் மணிக்கு அரை யூனிட். கடையில் இரண்டு ஏசிகளுக்கு இடையே தடுமாறும்போது இந்த வகுத்தல் ஒன்று போதும். இரவு எட்டு மணி நேரம் என்று 200 நாள் ஓட்டினால் 1,600 மணி. பகலிலும் ஓட்டும் வீடு என்றால் லேபிள் எண்ணைத் தாண்டுவது நிச்சயம்.

இனி உங்கள் வீட்டு ஏசியை நேராக அளக்கும் முறை. இரண்டு இரவு வேண்டும். முதல் இரவு ஏசி இல்லாமல், பத்து மணிக்கும் காலை ஆறு மணிக்கும் மீட்டர் எண்ணைக் குறியுங்கள். எங்களுக்கு வந்தது 1.8 யூனிட், இரண்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் மற்ற சில்லறைகளும். அடுத்த இரவு மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஏசியோடு 6.4. வித்தியாசம் 4.6 யூனிட், அதுதான் ஓர் இரவு ஏசி. மீட்டரில் தசமப் புள்ளி தெரியாவிட்டால் மூன்று மூன்று இரவாக எடுத்துச் சராசரி பாருங்கள். மழை பெய்த இரவையும் அனல் இரவையும் ஒப்பிடாதீர்கள்.

ஏசிகள் 24 டிகிரியில்தான் முதலில் ஆன் ஆக வேண்டும் என்பது 2020 ஜனவரி முதல் விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தி திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. 22-இல் வைத்திருப்பவர்கள் 24-க்கு வந்து, அதே இரண்டு இரவு முறையில் தங்கள் அறையில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

படி 6: வெந்நீர்

3,000 வாட் இன்ஸ்டன்ட் கீசர், 2,000 வாட் டாங்க் கீசர், 1,500 வாட் ஹீட்டர் ராடு. எது சிக்கனம் என்று கேட்பார்கள். தண்ணீரைச் சூடாக்க வேண்டிய கரண்ட் தண்ணீரின் அளவையும் சூட்டையும் பொறுத்தது, வாட்டைப் பொறுத்ததில்லை. வாட் அதிகமானால் சீக்கிரம் சுடும், அவ்வளவே. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர, எந்தச் சாதனமானாலும் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம் வேண்டும். ஆகவே ஆளுக்கு எத்தனை வாளி என்று எண்ணுவதே கீசர் கணக்கு. நான்கு பேர் தலா 15 லிட்டர் வெந்நீர் எடுத்தால் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாதத்துக்கு 125. மார்கழியில் ஏசி ஓடாமலே சில வீடுகளில் பில் ஏறுவது இதனால்தான். டாங்க் கீசரை நாள் முழுவதும் ஆனில் விட்டால், ஆறிய சூட்டை மறுபடி மறுபடி ஏற்றும் செலவு இதற்கு மேல்.

படி 7: தூங்காத சாதனங்கள்

லைட், ஃபேன் என்று நாம் பயன்படுத்தும் எல்லாவற்றையும் அணையுங்கள், டிவியையும் செட்டாப் பாக்ஸையும் வழக்கம்போல ரிமோட்டில் மட்டும். ஃப்ரிட்ஜையும் ஐந்து நிமிடம் அணைத்துவிட்டு மீட்டர் விளக்கைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் 11 முறை சிமிட்டியது. கணக்குப் போட்டால் 41 வாட். யாரும் எதையும் பயன்படுத்தாதபோது வீடு இழுப்பது அது. தேடிப் பார்த்ததில் இன்வெர்ட்டர் 20, செட்டாப் பாக்ஸ் 12, வைஃபை ரூட்டர் 10 வாட்டுக்குப் பக்கம். சின்ன எண்கள்தான், ஆனால் 24 மணி நேரமும் 60 நாளும் பெருக்கினால் கிட்டத்தட்ட 60 யூனிட். ஃப்ரிட்ஜைவிட அதிகம். ரிமோட்டில் அணைத்த செட்டாப் பாக்ஸ் அணைந்ததாக நாம் நினைக்கிறோம், பல பெட்டிகள் ஏறக்குறைய அதே அளவு இழுத்துக்கொண்டேதான் இருக்கும்.

செல்போன் சார்ஜரைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுவார்கள். அது தேவையில்லை. 5,000 எம்ஏஎச் போனை நாற்பது முறை முழுதாகச் சார்ஜ் செய்தால்தான் ஒரு யூனிட் வரும்.

படி 8: எல்லாவற்றையும் கூட்டுங்கள்

சித்திரை, வைகாசி உள்ளடங்கிய 60 நாளுக்கு எங்கள் வீட்டுப் பட்டியல், யூனிட்டில்:

ஏசி, 50 இரவு: 230
ஃபேன் மூன்று, சேர்த்து நாளுக்கு 30 மணி நேரம்: 135
ஃப்ரிட்ஜ்: 42
டிவி 24, செட்டாப் பாக்ஸ் 17: மொத்தம் 41
இன்வெர்ட்டர்: 29
மோட்டார்: 27
லைட்: 24
ரூட்டர்: 14
அயர்ன் பாக்ஸ்: 13
வாஷிங் மெஷின், பச்சைத் தண்ணீரில்: 7
மிக்ஸி: 5
போன், மற்ற சில்லறை: 5
கிரைண்டர்: 2

கூட்டினால் 574. ரீடிங்கில் வந்தது 588. பத்து சதவீதத்துக்குள் வந்தால் உங்கள் கணக்கு நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைவிட அதிக வித்தியாசம் வந்தால் எதையோ விட்டுவிட்டீர்கள், அல்லது எங்கோ கரண்ட் வீணாகிறது. தண்ணீர் டாங்க் நிரம்பியும் ஓடும் மோட்டார், ரப்பர் தேய்ந்து கதவு சரியாக மூடாத ஃப்ரிட்ஜ் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே கழற்றிய பிறகும் மீட்டர் விளக்கு சிமிட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரிங்கைக் காட்டுங்கள், அது பணம் மட்டும் சம்பந்தப்பட்டதில்லை.

படி 9: யூனிட்டை ரூபாயாக்குவது

பெரும்பாலானவர்கள் வழி தவறும் இடம் இது. 588 யூனிட்டுக்குப் பில் 2,779 ரூபாய் 20 காசு. வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 73 காசு. அதை ஏசியின் 230 யூனிட்டோடு பெருக்கி, ஏசிக்கு 1,088 ரூபாய் என்று சொல்லிவிடுகிறோம். தவறு.

ஏசியே இல்லாவிட்டால் என்ன பில் வந்திருக்கும்? 358 யூனிட், 977 ரூபாய் 60 காசு. இரண்டுக்கும் வித்தியாசம் 1,801 ரூபாய் 60 காசு. அதுதான் ஏசியின் உண்மையான செலவு. யூனிட்டுக்கு 7 ரூபாய் 83 காசு, ஓர் இரவுக்கு 36 ரூபாய். எந்தச் சாதனத்துக்கும் இதே முறைதான்: அது இருந்தால் வரும் பில், இல்லாவிட்டால் வரும் பில், இரண்டையும் முழுதாகப் போட்டுக் கழியுங்கள். சராசரி விலையைத் தொடாதீர்கள்.

குறைப்பதற்கும் இதே முறை. மூன்று ஃபேனையும் 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 135 யூனிட் 54 ஆகும், 81 மிச்சம். செட்டாப் பாக்ஸை டிவி பார்க்காத நேரத்தில் ஸ்விட்சில் அணைத்தால் இன்னும் பதினொன்று. 588 என்பது 496 ஆகிறது. பில் 1,779 ரூபாய் 80 காசு. மிச்சம் 999 ரூபாய் 40 காசு. குறைந்த 92 யூனிட்டும் யூனிட்டுக்குப் பதினோரு ரூபாய்க்குப் பக்கத்தில் மதிப்புள்ளவை.

அதே மூன்று ஃபேனை, இரண்டு மாதத்துக்கு 190 யூனிட் ஓடும் ஒரு வீட்டில் மாற்றினால்? மிச்சமாகும் யூனிட் எல்லாம் 2.35 படியில்தான் இருக்கும். 81 யூனிட்டுக்கு 190 ரூபாய். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்று வைத்தால் ஒன்பதாயிரத்தைத் திரும்ப எடுக்க எட்டு வருடம் ஆகும். அந்த வீட்டுக்கு நான் சொல்வது, அதிக நேரம் ஓடும் ஒரு ஃபேனை மட்டும் மாற்றுங்கள், மற்றவை பழுதாகும்போது பார்க்கலாம். விளம்பரத்தில் "இவ்வளவு மிச்சம்" என்று போடும் எண் எந்தப் படிக்கு என்று கேட்காமல் நம்பாதீர்கள்.

ஒரே இணைப்பில் இரண்டு குடும்பம்

மாடியில் வாடகைக்கு விட்டு, சப் மீட்டர் போட்டு, யூனிட்டுக்கு எட்டு ஒன்பது ரூபாய் வாங்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. வீட்டுக்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று குடியிருப்பவருக்குக் கோபம். வீட்டுக்காரருக்கோ தன் பில் ஏறிவிட்டதே என்று கோபம். கணக்கு இரண்டு பேருக்கும் நியாயம் செய்கிறது. கீழே 300, மாடியில் 300 யூனிட் என்று வையுங்கள். தனித்தனி இணைப்பு என்றால் ஆளுக்கு 705, மொத்தம் 1,410 ரூபாய். ஒரே இணைப்பில் 600 யூனிட் என்றால் 2,880. இரண்டு மடங்குக்கும் மேல். இலவச நூறு ஒரு முறைதான் கிடைக்கிறது, பாதி விலை நூறு கிடைப்பதே இல்லை, மேல் படியும் சேர்ந்துவிடுகிறது. மாடிக்குத் தனிச் சமையலறையோடு தனி வாசல் இருந்தால், தனி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்படி வீட்டுக்காரரிடம் இந்த எண்களோடு பேசுங்கள். அதுவரை நேர்மையான பங்கீடு, மொத்தப் பில்லை இரண்டு பேரின் யூனிட் விகிதத்தில் பிரிப்பது.

30-வது நாள்

இவ்வளவும் போட்டு முடித்த பிறகு தினமும் மீட்டரைப் பார்க்க வேண்டியதில்லை. சமையலறைச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் ஞாயிறு தோறும் மீட்டர் எண்ணை எழுதினால் போதும், எங்கள் வீட்டில் அத்தை அதைச் செய்கிறார். ரீடிங் எடுத்ததிலிருந்து 30-வது நாளில் 250-ஐத் தாண்டியிருந்தால், 500-க்குள் நிற்க மீதி நாளுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். 270 ஆகியிருந்தால் மிச்சம் 230, நாளுக்கு 7.7. எங்கள் வீட்டுக் கணக்கில் அது ஏழு நாளில் இரண்டு இரவு ஏசியை அணைப்பதற்குச் சமம்.

ரீடிங் எடுக்க வருவது நான்கைந்து நாள் தள்ளிப் போனால் அந்த நாட்களின் யூனிட்டும் இதே பில்லில் சேரும். அதனால் கோடையில் நான் 500 என்று குறி வைப்பதில்லை, 60-வது நாளில் 460. எல்லை நெருங்கிவிட்ட கடைசி வாரத்தில் அயர்ன் துணியைச் சேர்த்து வைத்து, ரீடிங் எடுத்த மறுநாள் தேய்க்கிறோம்.